சிஎம்இ சர்டிஃபிகேட் வந்துவிட்டது, வார்டில் எதுவும் மாறவில்லை

கொங்குநர்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில், ஆண்கள் பொது மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் சிஎம்இ, அதாவது வேலையில் இருப்பவர்களுக்கான தொடர் கல்வி என்று, ‘ஆதாரம் சார்ந்த செவிலியப் பணி’ (ஆய்வுகள் காட்டுவதை வைத்து வேலை செய்வது) என்ற இரண்டு நாள் வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்கள். பிகோ முறையில் (யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன் என்று பிரித்து) கேள்வி எழுதுவது, பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தளத்தில் தேடுவது, பல ஆய்வுகளின் முடிவை ஒரே படத்தில் காட்டும் ஃபாரஸ்ட் பிளாட்டைப் படிப்பது எல்லாம் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். சாப்பாடும் நன்றாக இருந்தது.

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற நரம்பில் போட்டு வைக்கும் கேனுலா குழாய். எங்கள் வார்டில் அது எவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் 72 மணி நேரம் ஆனால் எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். நரம்பே கிடைக்காத வயதானவர்களுக்கு இது தண்டனை, குத்துகிற எங்களுக்கும்தான். தேடியதில் 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கிடைத்தது. குயின்ஸ்லாந்தில் 3 மருத்துவமனைகள், 3,283 நோயாளிகள். ஒரு குழுவுக்கு மூன்றாம் நாள் வழக்கப்படி மாற்றினார்கள். இன்னொரு குழுவுக்கு வலி, வீக்கம், அடைப்பு என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் மாற்றினார்கள். நரம்பு அழற்சி இரண்டு பக்கமும் 7 சதவீதம்தான்.

திரும்பி வந்து இன்சார்ஜ் சிஸ்டரிடம் காட்டினேன். “நல்லா இருக்கும்மா, ஆனா நம்ம ப்ரோட்டோகால் இதுதான்” என்றார். ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சொன்னேன். “நர்சிங் சூப்பரின்டெண்டைக் கேளுங்க சிஸ்டர்” என்றார். சர்டிஃபிகேட் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. வென்ஃப்ளான் இன்றும் மூன்றாம் நாள் மாறுகிறது.

இந்த மாதிரிப் பயிற்சிக்குப் போய்வந்து உங்கள் இடத்தில் நிஜமாகவே ஏதாவது மாறியதா? மாறியது என்றால் எப்படி என்று சொல்லுங்கள்.

பிஎச்சி_டாக்டர்

மாறியது சிஸ்டர். என் ஃபைலின் கனம் மாறியது.

2002ஆம் வருட மருத்துவ நெறிமுறை விதிகளில் 5 வருடத்துக்கு 30 மணி நேரம் சிஎம்இ என்று எழுதினார்கள். அன்றிலிருந்து எல்லோரும் மணி நேரத்தைத்தான் துரத்துகிறோம். ஹாலில் உட்கார்ந்தால் கிரெடிட். கடைசி வரிசையில் வாட்ஸ்அப் பார்த்தாலும் அதே கிரெடிட். போதாததற்கு, யார் செலவில் நடக்கிறதோ அந்த கம்பெனியின் மாத்திரைதான் அன்றைய ஆதாரம். 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறையில் சிஎம்இயை வெளிநாட்டில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், நல்லதுதான். உள்ளூர் ஹோட்டல் பஃபே பத்திரமாக இருக்கிறது.

நான் உபயோகிப்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வெளியிட்ட சிகிச்சை வழிமுறைத் தாள்கள். ஒரு நோய்க்கு ஒரு பக்கம். ஓபியில் நூறு பேர் நிற்கும்போது பிகோ கேள்வி எழுதிக்கொண்டிருக்க முடியாது.

எண்ணிப்பார்

(மருத்துவக் கல்லூரி, சமூக மருத்துவத் துறை)

நீங்கள் இருவரும் சொல்வதையே ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். பயிற்சி வகுப்புகளால் மருத்துவப் பணியாளர்களின் நடைமுறை மாறுகிறதா என்று ஒரு காக்ரேன் மதிப்பாய்வு (ஒரே கேள்விக்கான ஆய்வுகளைத் தேடிச் சேர்த்து எடைபோடும் உலக அமைப்பு காக்ரேன்) உண்டு. 2009இல் 81 ஆய்வுகளைச் சேர்த்தார்கள். 2021இல் புதுப்பித்தபோது 215 ஆய்வுகள். இரண்டு முறையும் விடை கிட்டத்தட்ட ஒன்றுதான்: சரியாகச் செய்ய வேண்டிய 100 சந்தர்ப்பங்களில் பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாக 6 அல்லது 7 தடவை சரியாகச் செய்கிறார்கள். நோயாளிக்குப் போய்ச் சேரும் பலன் அதைவிடவும் குறைவு.

ஆதாரம் சார்ந்த மருத்துவத்தையே சொல்லிக் கொடுப்பது பற்றித் தனியாக ஒரு மதிப்பாய்வு 2004இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. 23 ஆய்வுகள். வகுப்பறையில் தனியாக நடத்தினால் அறிவு கூடுகிறது, அவ்வளவுதான். திறமை, மனப்பான்மை, வேலை செய்கிற விதம் எதுவும் நகரவில்லை. வார்டு வேலையோடு சேர்த்து, அன்றைய நோயாளியை வைத்துச் சொல்லிக் கொடுத்தபோதுதான் நாலும் நகர்ந்தன. இது வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. நாம் இன்னும் ஏசி ஹாலில் பிபிடி போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆதாரத்தைச் சொல்லித் தருகிற வகுப்புகளே ஆதாரப்படி நடப்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் எரிச்சல்.

டியூட்டர்_மேடம்

> அறிவு கூடுகிறது, அவ்வளவுதான்

சார், எங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது. எம்எஸ்சி நர்சிங் தீசிஸ் பத்து எடுத்தால் பாதிக்கு மேல் தலைப்பு ஒன்றுதான்: இன்ன நோய் பற்றிய அறிவில் திட்டமிட்ட கற்பித்தல் நிகழ்ச்சியின் பலன். முன்தேர்வு வை, பாடம் நடத்து, ஒரு வாரம் கழித்துப் பின்தேர்வு வை, மதிப்பெண் கூடியிருக்கும், பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்துவிடும், புள்ளியியல்படி பலன் உண்டு என்று எழுதிவிடலாம், வைவா முடிந்தது. பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? கையைக் கழுவினார்களா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பார்க்கச் சொன்னால், “மேடம், டேட்டா கலெக்‌ஷனுக்கு ஆறு வாரம்தான் கொடுத்திருக்கிறார்கள்” என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான்.

இப்படிப் படித்து வருகிறவர்கள்தான் அப்புறம் பயிலரங்கம் நடத்தப் போகிறார்கள்.

மயக்கவியல்_மதுரை

சிஸ்டர், நீங்கள் கேட்டது மாறிய கதை. என்னிடம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி 10 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்பது நம் ஊரில் வேதவாக்கு. அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999லேயே எழுதிவிட்டது: திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் தெளிந்த திரவம் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம், இலேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம் போதும். இது தெரியாத மயக்கவியல் பிஜி (முதுநிலை மாணவர்) யாருமே கிடையாது. பரீட்சையில் எழுதித்தான் பாஸ் ஆனோம். ஆனால் தியேட்டர் லிஸ்டில் கடைசியில் இருக்கும் பாட்டி மதியம் 2 மணி வரை நாக்கு வறண்டு கிடப்பார். நடுவில் ஓர் எமர்ஜென்சி நுழைந்தால் சாயங்காலம்.

நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் இதற்காக ஒரு வகுப்பு எடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒன்றும் மாறவில்லை. அப்புறம் வார்டிலேயே உட்கார்ந்து விசாரித்தபோதுதான் காரணம் புரிந்தது. நைட் டியூட்டி சிஸ்டருக்குக் கேஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாது. லிஸ்டில் வரிசை எண் இருக்கும், நேரம் இருக்காது. தண்ணீர் கொடுத்து, கேஸ் முன்னதாகக் கூப்பிடப்பட்டு, தள்ளிப்போனால் திட்டு வாங்குவது அவர். கொடுக்காமல் விட்டதற்காக யாரும் அவரைத் திட்டியதே இல்லை. அந்த நிலையில் நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆக, செய்தது இவ்வளவுதான். லிஸ்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘தண்ணீர் இத்தனை மணி வரை’ என்று நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். காலையில் தியேட்டரிலிருந்து வார்டுக்கு ஒரு போன்: வரிசை மாறியிருந்தால் புது நேரம். பிழை வந்தால் பொறுப்பு கையெழுத்துப் போட்ட எங்களுடையது. இன்னொரு விஷயம், ‘டீ குடிக்கலாம்’ என்று எழுதினால் நம் ஆட்கள் பால் டீயைத்தான் குடிப்பார்கள். பால் வயிற்றில் சாப்பாட்டுக் கணக்கு. அதனால் தண்ணீர் அல்லது பால் இல்லாத வரக்காப்பி என்று தமிழில் எழுதி ஒட்டினோம். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், வயிறு மெதுவாகக் காலியாகும் மற்றவர்களுக்குத் தனித்தனியாக முடிவு.

வகுப்பால் நடக்காதது அந்தக் கையெழுத்தால் நடந்தது. அறிவு எல்லோரிடமும் ஏற்கனவே இருந்தது, பயத்தைத்தான் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கொங்குநர்ஸ்

டாக்டர், கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டரும் அதைத்தான் சொல்லாமல் சொன்னார் என்று இப்போது படுகிறது. மூன்றாம் நாளுக்கு மேல் வைத்து ஒரு கை வீங்கினால் மெமோ வருவது அவருக்குத்தான்.

பிஎச்சி_டாக்டர்

மதுரை சார், உங்களிடம் அதிகாரம் இருந்தது, செய்தீர்கள். ஸ்டாஃப் நர்ஸ் கையெழுத்துப் போட்டு ஒரு ப்ரோட்டோகாலை மாற்ற முடியுமா? பயிலரங்குக்கு நர்ஸை அனுப்புகிறார்கள், முடிவு எடுக்கும் இடத்தில் நர்ஸ் இல்லை. அப்புறம் ஏன் மாறவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது?

இயன்முறை_செல்வன்

இங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் நுழையலாமா? எங்களுக்கு அதிகாரத்துக்கு முன்னால் இன்னொரு சுவர் இருக்கிறது, நோயாளி.

நாள்பட்ட முதுகுவலிக்கு அல்ட்ராசவுண்ட் சிகிச்சையில் சொல்லிக்கொள்கிற பலன் இல்லை என்று காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டியில் அல்ட்ராசவுண்ட், தோல்மேல் லேசான கரண்ட் வைக்கும் டென்ஸ், ஐஎஃப்டி மூன்றையுமே முதுகுவலிக்குக் கொடுக்காதீர்கள் என்று நேரடியாக எழுதிவிட்டது. சரி என்று உடற்பயிற்சி மட்டும் சொல்லிக் கொடுத்து அனுப்பினால், “கரண்ட் வைக்கலையா சார்?” என்று கேட்பார்கள். வைக்கவில்லை என்றால் அடுத்த தெரு கிளினிக்கில் வைத்துக்கொள்வார்கள். முதலாளிக்கு மிஷின் லோன் இருக்கிறது. நான் சம்பளத்துக்கு இருப்பவன்.

தேட வழி தெரியாதவர்களுக்கு: பெட்ரோ என்று பிசியோதெரபி ஆய்வுகளுக்கு மட்டுமான தளம் இருக்கிறது. சிட்னியிலிருந்து 1999 முதல் நடக்கிறது, இலவசம், ஒவ்வொரு ஆய்வுக்கும் பத்துக்கு இத்தனை என்று தர மதிப்பெண்ணும் போட்டிருப்பார்கள்.

எண்ணிப்பார்

செல்வன், நோயாளியைச் சுவர் என்று சொல்லாதீர்கள். ஆதாரம் சார்ந்த மருத்துவத்தின் முன்னோடி டேவிட் சாக்கெட்டும் மற்றவர்களும் 1996இல் அதற்குக் கொடுத்த விளக்கத்திலேயே ஆய்வு ஒன்று, மருத்துவரின் அனுபவம் ஒன்று, நோயாளியின் விருப்பமும் ஒன்று. இதை மறந்துவிட்டு ஆதாரம் என்றால் ஆய்வுத்தாள் மட்டும் என்று ஆக்கிவிட்டோம்.

இயன்முறை_செல்வன்

மேற்கோள் நன்றாக இருக்கிறது சார். நாளைக் காலை 9 மணிக்கு முதல் நோயாளி கரண்ட் கேட்கும்போது என்ன சொல்வது என்று அதில் இல்லையே. நான் இப்போது செய்வது: முதலில் பயிற்சி, வலி எவ்வளவு குறைந்தது என்று அவரையே பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்வது, நாலாவது வருகையில் அந்தத் தாளை அவரிடமே காட்டுவது. பாதிப் பேர் கரண்டை மறந்துவிடுகிறார்கள். மீதிப் பாதி மறப்பதில்லை. வைத்து அனுப்புகிறேன்.

எண்ணிப்பார்

பாடப்புத்தகத்தில் இல்லாத பகுதி அதுதான். எழுதியதற்கு நன்றி.

பர்மிங்காம்_பிரதர்

தஞ்சாவூர்க்காரன், இங்கிலாந்தில் என்எச்எஸ்ஸில் (அரசு மருத்துவ சேவை) நர்ஸாக இருக்கிறேன். இங்கே நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க 3 வருடத்துக்கு 35 மணி நேரப் படிப்பு. அதில் 20 மணி நேரம் மற்றவர்களோடு கலந்து செய்ததாக இருக்க வேண்டும். அதோடு 5 எழுத்துக் குறிப்புகள்: என்ன கற்றாய், வேலையில் எதை மாற்றினாய் என்று. அந்தக் குறிப்புகளை இன்னொரு பதிவுபெற்ற நர்ஸோடு உட்கார்ந்து பேசிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கெடு தேதிக்கு முந்தின வாரம் கேன்டீனில் உட்கார்ந்து ஐந்தையும் ஒரே மூச்சில் எழுதுகிறவர்கள் இங்கேயும் உண்டு. ஆனால் ‘எதை மாற்றினாய்’ என்ற கேள்வி படிவத்தில் இருக்கிறது. ஊரில் என்னிடம் எந்தப் படிவமும் அப்படிக் கேட்டதில்லை.

கொங்குநர்ஸ் அக்கா, எங்கள் வார்டில் மூன்றாம் நாள் விதி கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் கேனுலா போட்ட இடத்தைப் பார்த்து 0 முதல் 5 வரை விஐபி ஸ்கோர் (நரம்பு அழற்சி எவ்வளவு என்ற மதிப்பெண்) எழுத வேண்டும். 2 வந்தால் எடுத்துவிட வேண்டும். எழுதவில்லை என்றால் மேட்ரன் கேட்பார்.

டியூட்டர்_மேடம்

பிரதர், ஒரு நர்ஸுக்கு உங்கள் வார்டில் எத்தனை நோயாளிகள்?

பர்மிங்காம்_பிரதர்

பகலில் எட்டு. ஆள் குறைந்தால் பத்து, பன்னிரண்டு. அப்போதும் புலம்புவோம்.

டியூட்டர்_மேடம்

இங்கே நைட்டில் ஒரு வார்டுக்கே ஒருவர் என்று இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே ஷிஃப்டுக்கு ஒரு ஸ்கோர் எழுதச் சொன்னால், காலையில் ஒரே பேனாவில் மூன்று ஷிஃப்டுக்கும் பூஜ்யம் போட்டிருப்பார்கள். குற்றம் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

மயக்கவியல்_மதுரை

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கேனுலா விஷயத்தில் 2012 ஆய்வோடு கதை முடியவில்லை. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 96 மணி நேர விதியை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் மாற்றுவது என்று 2018இல் கொண்டுவந்தார்கள். கேனுலாவால் வரும் ரத்தத் தொற்று கூடியது. பழைய விதிக்குத் திரும்பியதும் குறைந்தது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட கேனுலாக்களின் கணக்கு, 2021இல் வெளியானது.

சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை, முன்பும் பின்பும் பார்த்த கணக்கு. அதனால் ஆஸ்திரேலிய ஆய்வு தப்பு என்று ஆகிவிடாது. ஆனால் அந்த ஆய்வில் இருந்த நோயாளிகளின் கையை ஆராய்ச்சி நர்ஸ்கள் வந்து வந்து பார்த்தார்கள். ‘தேவைப்பட்டால் மாற்று’ என்றால் தேவையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாத வார்டில் 72 மணி நேர விதி முட்டாள்தனமாகத் தெரிந்தாலும் ஏதோ ஒரு காவல் வேலையைச் செய்கிறது. இன்சார்ஜ் சிஸ்டர் தலையாட்டாததில் ஒரு நியாயம் இருக்கலாம்.

கொங்குநர்ஸ்

இதை வொர்க்‌ஷாப்பில் யாரும் சொல்லவில்லை டாக்டர். நானும் முதல் ஆய்வு கிடைத்ததும் சந்தோஷத்தில் தேடலை நிறுத்திவிட்டேன். 72 மணி நேரமும் வேண்டாம், கண்மூடித்தனமாக விடுவதும் வேண்டாம் என்றால் நடுவில் என்ன செய்வது?

பிஎச்சி_டாக்டர்

பார்த்தீர்களா? ஓர் ஆய்வு மேற்கே இழுக்கும், இன்னொன்று கிழக்கே இழுக்கும். அதனால்தான் ஒரு பக்கத் தாள் போதும் என்கிறேன். யாரோ பெரியவர்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதட்டும்.

எண்ணிப்பார்

அது பாதி சரி டாக்டர். எல்லோரும் எல்லா ஆய்வையும் படிக்க வேண்டியதில்லை. ஆனால் யாரோ எழுதிய நல்ல தாளை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவமனைகளில் பெட்டர்பர்த் என்ற ஆய்வு. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவப் பட்டியலைக் கொடுத்து, வகுப்போடு விடாமல், பிரசவ அறைக்கே போய்ப் பக்கத்தில் நின்று 8 மாதம் வழிகாட்டினார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னலில் வந்தது.

வழிகாட்டி உடனிருந்தபோது, 2ஆவது மாதத்தில், செய்ய வேண்டியவற்றில் 73 சதவீதம் செய்தார்கள். பட்டியல் இல்லாத இடங்களில் 42. வழிகாட்டுதல் நின்றபின் 12ஆவது மாதத்தில் 62க்கு இறங்கியது, மற்ற இடங்களில் 44. ஆக, பக்கத்தில் நின்று சொல்லித் தருவது வேலை செய்கிறது. ஆனால் தாய், சேய் இறப்பையும் தாய்க்கு வரும் கடும் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் பட்டியல் இருந்த இடங்களில் 15.1 சதவீதம், இல்லாத இடங்களில் 15.3. வித்தியாசமே இல்லை.

பிஎச்சி_டாக்டர்

அப்படியானால் நடைமுறையை மாற்றியும் உயிர் பிழைக்கவில்லையா?

எண்ணிப்பார்

அந்த ஆய்வில் அப்படித்தான். சிக்கல் வந்தால் சிசேரியன் செய்யவும், ரத்தம் ஏற்றவும், குழந்தையைக் கவனிக்கவும் வசதி இல்லாத இடத்தில் பட்டியல் மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்று பலரும் கேட்டார்கள். நானும் அந்தக் கட்சிதான். பயிற்சி மலிவு, ஆள் போடுவது விலை அதிகம், அதனால் எல்லாக் குறைக்கும் பயிற்சியையே மருந்தாக எழுதுகிறார்கள். பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தக் குறைக்கு எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கொங்குநர்ஸுக்கு: வேலூர் சிஎம்சியில் காக்ரேனோடு சேர்ந்து இயங்கும் மையம் இருக்கிறது. முறையாகத் தேடக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் அவர்கள் நடத்தும் பயிற்சிகளைக் கவனித்து வாருங்கள். அரசுக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை என்றால் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் ஜர்னல்கள் திறக்கிறதா என்று நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், 2025 ஜனவரியில் ஆரம்பித்தார்கள்.

பிஎச்சி_டாக்டர்

கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் சந்தா. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழக்கம்போல் காலண்டர்.

டியூட்டர்_மேடம்

கொங்குநர்ஸ், நடுவில் என்ன செய்வது என்று கேட்டீர்கள். விதியை மாற்றாதீர்கள், முதலில் எண்ணுங்கள். 72 மணி நேரத்திலேயே மாற்றிக்கொண்டு, ஒவ்வொன்றும் எப்போது போட்டது, ஏன் எடுத்தது என்று மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். நாள் ஆனதால் எடுத்ததா, வீங்கி எடுத்ததா, அடைத்து எடுத்ததா, டிஸ்சார்ஜா. இதற்கு யார் அனுமதியும் பெரிதாகத் தேவைப்படாது, இன்சார்ஜுக்குத் தெரிந்தால் போதும். அவருக்கும் பயம் இருக்காது. என் அனுபவத்தில், மூன்றாம் நாளுக்கு முன்பே கெட்டுப்போவதுதான் நிறைய இருக்கும். அப்படி இருந்தால் உங்கள் வார்டின் கேள்வி 72 மணி நேரமே கிடையாது. முழங்கை மடங்குகிற இடத்தில் போடுவதா, பிளாஸ்டர் சரியாக ஒட்டாததா, ஆன்டிபயாடிக்கை வேகமாகத் தள்ளுவதா என்று வேறு எங்கோ போகும்.

மயக்கவியல்_மதுரை

முழுதாக வழிமொழிகிறேன். தாளில் கேஜ் எண்ணும் (குழாயின் தடிமன்) எந்த இடத்தில் போட்டது என்பதும் இருக்கட்டும். எமர்ஜென்சியில் அவசரத்தில் போட்டு வந்ததா, வார்டில் போட்டதா என்று ஒரு கட்டம். அவசரத்தில் போட்டதை எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறீர்கள் என்பது தனிக் கேள்வி, அதற்கு வழிகாட்டிகள் பொதுவாகச் சொல்வது: கூடிய சீக்கிரம்.

கொங்குநர்ஸ்

இன்று டியூட்டியில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசினேன். எதையும் மாற்றப் போவதில்லை, குறித்து மட்டும் வைக்கிறோம் என்றதும் முகம் தெளிந்தது. “ஏன் எடுத்தோம்னு நாம எழுதுறதே இல்லைல்ல?” என்று அவரே கேட்டார். கேஸ் ஷீட்டில் ‘கேனுலா மாற்றப்பட்டது’ என்று மட்டும்தான் இருக்கும். அடுத்த மாதத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். நைட்டுக்கு ஆள் இல்லாத நாட்களில் காலை டியூட்டி ஆட்கள் பார்த்து எழுதட்டும், ஊகித்து எழுத வேண்டாம், தெரியாவிட்டால் காலியாக விடுங்கள் என்பதும் அவர் சொன்னதுதான்.

பர்மிங்காம்_பிரதர், உங்கள் ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன அடையாளம் என்று எழுதிப் போட முடியுமா? தமிழில் ஆக்கிச் சுவரில் ஒட்டலாம் என்று பார்க்கிறேன்.

பர்மிங்காம்_பிரதர்

போடுகிறேன் அக்கா, இன்று நைட் டியூட்டி, காலையில் வந்து. பூஜ்யம் என்றால் எந்தக் கோளாறும் இல்லை, 1 என்றால் லேசான வலி அல்லது லேசான சிவப்பு. எங்கள் அட்டையில் சிவப்பு என்று எழுதியிருப்பது இங்கத்திய வெளிர்த் தோலை வைத்து. நம் ஆட்களுக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. தொட்டுப் பார்க்க வேண்டும்: சூடு, தடிப்பு, வலி. அதைச் சேர்த்தே எழுதுங்கள்.